தோலும் தையலும்: ஜெர்மன் பூட்ஸின் அறிவியல்

மாட்டுத்தோலைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு அடுக்குகள் தெரியும். மேலே இருப்பது மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் அமைந்த மெல்லிய அடுக்கு. அங்கே இழைகள் மிக நுண்ணியவை, நெருக்கமானவை. தோலின் வழவழப்பும், தொழிலில் 'கிரெய்ன்' என்று சொல்லப்படும் மேற்பரப்பின் புள்ளியமைப்பும் அந்த அடுக்கிலிருந்து வருகின்றன. கீழே தடித்த இழைக்கற்றைகள் எல்லாத் திசைகளிலும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக் கிடக்கின்றன. இழுவிசையைத் தாங்குவது இந்தக் கீழடுக்குதான். இந்தப் பின்னலில் பாவும் ஊடையும் கிடையாது. அதனால் வெட்டிய விளிம்பு நைந்து பிரிவதில்லை. ஊசி போட்ட துளை கிழிந்து பெரிதாவதும் இல்லை. பூட்ஸுக்குத் தோலைவிடப் பொருத்தமான இயற்கைப் பொருள் வேறு கிடைக்காததற்கு முதல் காரணம் இதுவே.

மாட்டின் உடலெங்கும் இந்தப் பின்னல் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதுகின் இருபுறமும் இழைகள் அடர்ந்து இறுகியிருக்கும். வயிற்றுப் பக்கம் வரவரத் தளர்ந்துவிடும். ஆகவே ஒரே தோலிலிருந்து இருபது வருடம் உழைக்கும் பூட்ஸும் வரலாம், சில மாதங்களில் தொளதொளத்துப் போவதும் வரலாம். எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் தோல் வெட்டும் தொழிலாளி. விரல்கள் மடங்கும் முன்பகுதிக்கு அவர் முதுகுத்தோலை ஒதுக்குவார். லேஸுக்குப் பின்னால் மறைந்திருக்கும் நாக்குக்குத் தளர்ந்த தோலே போதும். தரம் அறிந்த ரசிகர் புதிய பூட்ஸைக் கையில் எடுத்ததும் முன்பகுதியை லேசாக மடக்கிப் பார்ப்பதும் இதற்காகத்தான். மெல்லிய மடிப்புகள் நெருக்கமாக விழுந்தால் நல்ல இடத்துத் தோல். மேலடுக்கு கீழடுக்கிலிருந்து விலகியதுபோல் அகலமாக உப்பினால், மேலே எத்தனை பளபளப்பு ஏற்றியிருந்தாலும் அது வயிற்றுத்தோல்.

இப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஜெர்மனியில் நிறையப் பேர் உண்டு. தோல் தொழிலும் தோலின் வேதியியலும் அங்கே ஒன்றையொன்று வளர்த்தன. பூட்ஸ் ரசிகர்கள் கொண்டாடும் பளபளப்பு, கனம், மணம், தையல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேதியியல் காரணமோ இயந்திரவியல் காரணமோ இருக்கிறது. ரசனை என்று அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி பொருளறிவுதான்.

தோலின் இழைகள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. கச்சாத்தோலை ஈரமாக விட்டால் பாக்டீரியா அழுக வைக்கும். காயவைத்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைத்துவிடும்; பறைக்கும் மிருதங்கத்துக்கும் வேண்டியது இந்த விறைப்புதான், காலணிக்கு அது ஆகாது. நீரில் சூடாக்கினால் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் அளவிலேயே சுருங்கத் தொடங்கும். அழுகல், விறைப்பு, சுருக்கம் ஆகிய மூன்றையும் தடுப்பதே பதனிடுதல். வேதியியலாளர் லீபிக்கின் மாணவரும் அவருடைய தங்கையை மணந்தவருமான ஃப்ரீட்ரிச் லுட்விக் க்னாப் 1858-இல் பதனிடுதலின் இயல்பைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். காயும்போது இழைகள் ஒட்டிக்கொள்ளாதபடி ஏதோ ஒரு பொருள் அவற்றுக்கிடையே நின்றுகொண்டால் கச்சாத்தோல் பதனிட்ட தோலாகிறது என்பது அவர் தந்த விளக்கம். அதுவரை கைப்பழக்கமாக மட்டும் இருந்த தொழிலுக்கு முதல் அறிவியல் விளக்கம் இப்படிக் கிடைத்தது. உலோக உப்புகளாலும் பதனிட முடியும் என்பதைக் குரோமிய உப்புகளைக் கொண்டு சோதித்துக் காட்டியவரும் அவரே.

க்னாப்புக்கு முன்பும் பின்பும், பூட்ஸின் அடித்தோலுக்குக் கருவாலி மரப்பட்டையை மிஞ்சிய சரக்கு இல்லை என்று ஜெர்மன் செருப்புத் தொழிலாளிகள் நம்பினார்கள். மோசல் ஆற்றங்கரையிலும் ஐஃபெல், ஹுன்ஸ்ரூக் மலைகளிலும் இதற்கென்றே கருவாலிக் காடுகள் வளர்க்கப்பட்டன. ஏறக்குறைய பதினைந்து, இருபது ஆண்டுக்கு ஒருமுறை மரத்தை அடியோடு வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்க விடுவார்கள். மே, ஜூன் மாதங்களில் சாறு ஏறும்போது பட்டை எளிதாகக் கழன்று வரும். அதற்கென்று கரண்டி வடிவில் ஒரு இரும்புக் கருவி வைத்திருந்தார்கள். இளமரத்தின் பட்டையில்தான் துவர்ப்புச் சத்தான டேனின் அதிகம். மரம் முதிர்ந்தால் பயனற்ற வெளித்தக்கை கூடிவிடும். வெட்டுக்கு ஒரு காலக்கணக்கு வைத்ததன் காரணம் இது.

ட்ரியர் நகரில் 1871-இல் தொடங்கிய ரென்டன்பாக் தோல் ஆலை இந்த முறையை 21-ஆம் நூற்றாண்டுக்கும் கொண்டுவந்து சேர்த்தது. ஆழமான குழிகளில் ஒரு வரிசை தோல், ஒரு வரிசை இடித்த பட்டை என்று மாறிமாறி அடுக்கி, நீர் ஊற்றி மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். முழு வேலையும் முடிய ஓர் ஆண்டை நெருங்கும். அவசரப்படாததற்குக் காரணம் உண்டு. டேனின் மூலக்கூறுகள் பெரியவை. ஐந்து மில்லிமீட்டர் தடித்த தோலின் நடுப்பகுதி வரை அவை ஊர்ந்து செல்ல வேண்டும். தொடக்கத்திலேயே செறிவான கரைசலில் போட்டால் வெளிப்புறம் மட்டும் சட்டென்று பதமாகி வழியை அடைத்துக்கொள்ளும், உட்புறம் பச்சையாகவே நின்றுவிடும். மெலிந்த கரைசலில் தொடங்கி மெல்லச் செறிவைக் கூட்டினால்தான் உள்ளும் புறமும் ஒரே பதம் வரும். அப்படி உருவான அடித்தோல் இறுக்கமாகவும், நீரை மெதுவாக உறிஞ்சுவதாகவும், தேய்மானத்துக்கு ஈடுகொடுப்பதாகவும் இருக்கும். கையால் பூட்ஸ் செய்யும் பட்டறைகள் ஐரோப்பா முழுவதிலும் ட்ரியர் முத்திரை பதித்த அடித்தோலைத் தேடி வாங்கின. அண்மை ஆண்டுகளில் ட்ரியர் ஆலை மூடப்பட்டபோது காலணி ரசிகர்கள் பட்ட வருத்தம் நியாயமானது. ஒரு ஆண்டு காத்திருந்து சரக்கு விற்கும் தொழிலுக்கு வட்டிக்கணக்கு என்றுமே ஒத்துவந்ததில்லை. தென்னமெரிக்காவிலிருந்து கெப்ராச்சோ மரச்சாறு மலிவாக வந்து இறங்கிய 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மோசல் கரையின் பட்டைக்காடுகள் மதிப்பிழக்கத் தொடங்கிவிட்டன. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட தமிழ்நாட்டுத் தொழிலும் இதே போன்ற நெருக்கடியை வேறு காலத்தில் சந்தித்தது.

பதனிடுவதற்கு முன், மயிர் அகற்ற இட்ட சுண்ணாம்பை நீக்கிய தோலை மென்மையாக்க வேண்டும். நூற்றாண்டுகளாக இதற்கு நாய்ச்சாணமும் கோழி, புறாக்களின் எச்சமும் பயன்பட்டன. தோல் ஆலைகளின் பக்கம் மக்கள் போகத் தயங்கியதற்கு இந்த நாற்றமும் ஒரு காரணம். ஸ்டுட்கார்ட் நகரின் எரிவாயு நிலையத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் ஓட்டோ ரோஹ்ம், சாணத்தில் உள்ள எந்தப் பொருள் இந்த வேலையைச் செய்கிறது என்று தேடினார். அது செரிமான நொதி என்று தெரிந்தது. விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகளைக் கொண்டு 'ஓரோபோன்' என்ற தயாரிப்பை உருவாக்கி, 1907-இல் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து எஸ்லிங்கனில் நிறுவனம் தொடங்கினார். நொதியை ஆலைத்தொழிலில் அளவறிந்து பயன்படுத்திய தொடக்ககால வெற்றிகளில் இது ஒன்று. இன்று சலவைத்தூளில் நொதி சேர்ப்பதும் ரோஹ்ம் தொடங்கி வைத்த வழியில்தான். தோல் மென்மையாவதன் உண்மையான காரணம், இழைகளுக்கிடையே இருக்கும் பசை போன்ற புரதங்களை நொதி கரைத்து அகற்றுவது. விரலுக்கு மெத்தென்று தட்டுப்படும் கன்றுத்தோலின் சுகம் இந்தக் கட்டத்தில் தீர்மானமாகிறது.

குரோமியப் பதனிடுதல் தொழிலாக வேர்விட்டது அமெரிக்காவில். அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-இல் இரட்டைத் தொட்டி முறைக்கும், மார்ட்டின் டென்னிஸ் 1893-இல் ஒற்றைத் தொட்டி முறைக்கும் காப்புரிமை பெற்றார்கள். பட்டைக் குழியில் மாதங்கள் பிடித்த வேலை குரோமிய உருளையில் ஓரிரு நாளில் முடிந்தது. குரோமிய அயனிகள் கொலாஜனின் அமிலத் தொகுதிகளோடு பிணைந்து சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவிடுகின்றன. பட்டையில் பதனிட்ட தோல் நீரில் 75 முதல் 85 டிகிரியில் சுருங்கினால், குரோமியத் தோல் கொதிநீரையும் தாங்கும். வைன்ஹைம் நகரில் 1849 முதல் இயங்கிய ஃப்ராய்டன்பெர்க் ஆலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவற்றுள் முன்னணியில் நின்றது. அங்கே தயாரான கருப்புக் கன்றுத்தோலின் இறுக்கமான மேற்பரப்பையும் ஆழ்ந்த நிறத்தையும் இன்றும் ரசிகர்கள் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். அதே ஆலை தோலில் எண்ணெய்க்கசிவைத் தடுக்கும் வளையங்கள் செய்யப் புகுந்து, பின்னர் செயற்கை ரப்பருக்கு மாறி, மோட்டார் வாகன உதிரிபாகத் துறையின் பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

ஜெர்மன் அரசும் தொழிலதிபர்களும் தோலைப் பல்கலைக்கழகப் படிப்புக்குரிய பொருளாக மதித்தார்கள். சாக்சனியின் ஃப்ரைபெர்க் நகரில் 1889-இல் தோல் பதனிடும் பள்ளி தொடங்கியது. டிரெஸ்டனில் கைசர் வில்ஹெல்ம் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாகி, வேதியியலாளர் எமில் ஃபிஷரின் மாணவர் மாக்ஸ் பெர்க்மன் அதன் இயக்குநரானார். தோலைப் புரிந்துகொள்ளப் புரதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், புரதத்தைப் புரிந்துகொள்ள அமினோ அமிலங்களை விரும்பிய வரிசையில் கோக்கத் தெரிய வேண்டும் என்ற வழியில் பெர்க்மன் நடந்தார். 1932-இல் அவரும் லியோனிடாஸ் ஜெர்வாஸும் அமினோ தொகுதியைத் தற்காலிகமாக மூடி வைத்து, பிணைப்பு முடிந்ததும் திறக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். பெப்டைடு வேதியியல் முழுவதும் அந்த அடித்தளத்தில் எழுந்தது. யூதர் என்பதால் பெர்க்மன் 1933-இல் பதவி இழந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அவருடைய ராக்கஃபெல்லர் ஆய்வகத்தில் வேலை தொடங்கிய ஸ்டான்ஃபோர்ட் மூரும் வில்லியம் ஸ்டெய்னும் 1972-இல் நோபல் பரிசு பெற்றார்கள். டிரெஸ்டன் நிறுவனத்தின் வாரிசு போருக்குப் பின் மாக்ஸ் பிளாங்க் புரத, தோல் ஆராய்ச்சி நிறுவனமாகித் தொடர்ந்தது; 1973-இல் மார்ட்டின்ஸ்ரீடில் உருவான மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தில் இணைந்தது. பூட்ஸ் தோலில் தொடங்கிய கேள்வி உயிரியலின் மையத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தக் கேள்விக்குக் கிடைத்த மிக அழகான விடை சென்னையிலிருந்து வந்தது. கொலாஜன் மூலக்கூறின் வடிவம் என்ன என்பது 1950-களின் தொடக்கத்தில் யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட வடிவத்தை முன்வைத்தார். எக்ஸ் கதிர்ப் படத்துக்கு வேண்டிய கங்காரு வால் தசைநாண் அடையாற்றில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றில் ஒரு அமினோ அமிலம் கிளைசின். மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் மிகச்சிறிய அந்த அமிலத்துக்கு மட்டுமே இடம் உண்டு. ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் தடிமனும் கொண்ட இந்த முறுக்குக் கோல்கள் வரிசை சேர்ந்து நுண்ணிழையாகின்றன, நுண்ணிழைகள் சேர்ந்து இழையாகின்றன, இழைகள் சேர்ந்து கற்றையாகின்றன. மலையேறும் பூட்ஸ் கணுக்காலை இறுகப் பிடித்தபடியே வளைந்து கொடுப்பது இந்த முறுக்கு மேல் முறுக்கான கட்டமைப்பால்தான்.

தோலுக்கு அடுத்தது வடிவம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைகூட வலது, இடது வேறுபாடு இல்லாத காலணிகள் ஐரோப்பாவில் சாதாரணமாக விற்றன. ஃப்ராங்ஃபர்ட்டில் பிறந்து சூரிக்கில் பணியாற்றிய உடற்கூற்றியலாளர் ஹெர்மன் ஃபொன் மேயர், க்னாப்பின் நூல் வந்த அதே 1858-இல், காலணி எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று ஒரு நூல் எழுதினார். பெருவிரல் நேராக முன்னோக்கி நிற்க வேண்டும், அதன் கோடு குதிகாலின் நடுவைத் தொட வேண்டும் என்பது அவருடைய விதி. கால் வடிவத்தில் செதுக்கிய மரக்கட்டையை நம் ஊர்த் தொழிலில் 'லாஸ்ட்' என்பார்கள். பூட்ஸின் தலையெழுத்து அந்த லாஸ்டில் இருக்கிறது. உலகின் மிகச்சிறந்த தோலும் தவறான லாஸ்டின் மேல் இழுத்துத் தைக்கப்பட்டால் வீண்.

தைக்கும் முறையில்தான் ரசிகர்களின் வாதங்கள் சூடுபிடிக்கின்றன. ஜெர்மனியில் 'ராமென்கெனேட்' என்று சொல்லும் முறையில் மேல்பகுதியான அப்பர், உள்ளடியான இன்சோல், வெல்ட் என்ற தோல் பட்டி மூன்றும் ஒரு தையலில் சேர்கின்றன. பிறகு இரண்டாவது தையல் அந்தப் பட்டியையும் அடிச் சோலையும் இணைக்கிறது. இன்சோலுக்கும் சோலுக்கும் இடையே விழும் பள்ளத்தைத் தக்கைத்தூள் நிரப்புகிறது. சில வாரங்கள் அணிந்தால் கால் பதிந்த வடிவத்துக்கு அது அமுங்கிக்கொள்ளும். தேய்ந்த சோலைக் கழற்ற இரண்டாவது தையலை மட்டும் அறுத்தால் போதும், அப்பரை யாரும் தொட வேண்டியதில்லை. அமெரிக்கரான இளைய சார்லஸ் குட்இயர் 1870-களில் இதை இயந்திரத்துக்குக் கொண்டுவந்தார். பசை போட்டு ஒட்டிய காலணியும் ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே உழைக்கும். தைத்ததெல்லாம் உயர்ந்தது, ஒட்டியதெல்லாம் மட்டம் என்று பேசுவது சரியல்ல.

பவேரிய மலையடிவாரம் இன்னொரு முறையை வளர்த்தது. 'ட்ஸ்வீகெனேட்' என்ற அந்த முறையில் அப்பரின் கீழ்விளிம்பை உள்ளே மடிக்காமல் வெளியே மடிக்கிறார்கள். ஒரு தையல் பக்கவாட்டில் இன்சோலைப் பிடிக்கிறது. இன்னொன்று மேலிருந்து கீழாக இறங்கி நடுச்சோலைப் பிடிக்கிறது. இரண்டு தையல்களும் வெளியே வரிசையாகத் தெரியும். பார்வைக்கு அலங்காரம்போல் இருக்கும் இது நீருக்குப் போட்ட தடை. தோல் வெளிப்புறம் விரிந்து கிடப்பதால் பனியும் சேறும் தையலின் வழியே உள்ளே இறங்குவது கடினம். மெழுகிட்ட சணல் நூல் ஈரத்தில் ஊதித் துளையை அடைத்துக்கொள்வது கூடுதல் பலம். கிர்ஹான்ஷோரிங்கில் 1683-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பெயர் காணப்படும் மைன்டல் குடும்பமும், மியூனிக் அருகே ஃபியர்கிர்ஹனில் ஹான்ஸ் வாக்னர் 1921-இல் தொடங்கிய ஹான்வாக்கும் இந்த மலை பூட்ஸ்களால் பெயர் பெற்றன. ஹான்ஸின் சகோதரர் லோரென்ஸ் 1923-இல் யெட்சன்டோர்ஃபில் தொடங்கியது லோவா. கனமான மலை பூட்ஸுக்கு இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டும் தோல் வேண்டும்; நகரத்தில் அணியும் கன்றுத்தோல் பூட்ஸ் அதில் பாதித் தடிமன்தான்.

பவேரிய மலையிலிருந்து புறப்பட்டு உலகமெங்கும் போன இன்னொரு பூட்ஸும் உண்டு. ஜெர்மன் ராணுவ மருத்துவர் கிளாஸ் மேர்டன்ஸ் 1945-இல் பனிச்சறுக்கில் கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டு, காற்று அடைத்த மெத்தென்ற சோலை வடிவமைத்தார். ஹெர்பர்ட் ஃபுங்குடன் சேர்ந்து அவர் தொடங்கிய தயாரிப்பின் உரிமையை இங்கிலாந்தின் கிரிக்ஸ் குடும்பம் வாங்கி, 1960 ஏப்ரல் 1 அன்று டாக்டர் மார்டன்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது.

ரசிகர்கள் பூட்ஸோடு நிற்பதில்லை. அதே கண்ணோடு உடைகளையும் பார்க்கிறார்கள். பவேரியாவின் மான்தோல் கால்சட்டை மீனெண்ணெயில் பதனிடப்படுகிறது. எண்ணெய் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து இழைகளோடு பிணைவதால் தோல் துணியைப்போல் மென்மையாகிறது, நனைந்து காய்ந்தாலும் விறைப்பதில்லை. மியூனிக்கில் 1842 முதல் இயங்கும் லோடன்ஃப்ரை நிறுவனத்துக்குப் பெயர் தந்த லோடன் துணி, நெய்த பின் வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் மிதிபட்டு இறுகிய கம்பளி. கம்பளி இழையின் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு பின்வாங்க முடியாமல் நெருங்குவதால் காற்றும் மழையும் புக வழி குறைகிறது. ஸ்வாபிய மலைப்பகுதியில் 1911-இல் தொடங்கிய மெர்ஸ் பி. ஷ்வானன் என்ற பெயர் 2011-இல் மீண்டும் உயிர்பெற்றது. அங்கே பழைய வட்டப் பின்னல் இயந்திரங்கள் நூலை அதிகம் இழுக்காமல் மெதுவாகச் சட்டைத்துணி பின்னுகின்றன. உடலளவுக்கே குழாயாக வரும் துணிக்குப் பக்கத்தையல் தேவையில்லை. இழுபடாத நூல் துவைத்த பின்னும் வடிவம் மாறுவதில்லை. திருப்பூர் பின்னலாடைத் தொழிலை அறிந்தவருக்கு வேகத்தைக் குறைத்துத் தரத்தைக் கூட்டும் இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

இந்த அறிவைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்ததில் புத்தகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பங்கு உண்டு. பெர்ன்ஹார்ட் ரோட்செல் ஆண்களின் செவ்வியல் உடைபற்றி எழுதிய நூலும், புடாபெஸ்ட் கைவினைஞர் லாஸ்லோ வாஸ் கைத்தையல் காலணிபற்றி மக்டா மோல்னாருடன் எழுதிய நூலும் கொலோன் நகரின் கோனமன் பதிப்பகத்திலிருந்து 1999-இல் வந்தன. ஓஃபன்பாக்கில் 1917-இல் ஹியூகோ எபர்ஹார்ட் நிறுவிய தோல் அருங்காட்சியகம் இன்றும் இயங்குகிறது. பிர்மாசென்ஸ் நகரின் கதை தனி. அங்கே படை வைத்திருந்த ஒன்பதாம் லுட்விக் சிற்றரசர் 1790-இல் இறந்ததும் அவருடைய படைவீரர்களின் குடும்பங்கள் பிழைக்க வழியின்றித் துணி, தோல் துண்டுகளில் செருப்புத் தைத்து விற்றார்கள். அதிலிருந்து ஜெர்மனியின் காலணித் தலைநகரம் வளர்ந்தது.

ஜெர்மன் வாங்குபவரின் கண்டிப்பு வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வரை எட்டியது. பூஞ்சணத்தைத் தடுக்கத் தோலில் சேர்த்த பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி 1989-இல் தடைசெய்தது. தமிழ்நாட்டு ஏற்றுமதியாளர்கள் மாற்றுப்பொருளுக்கு அவசரமாக மாற வேண்டியிருந்தது. புற்றுநோய் விளைவிக்கும் அமின்களை வெளியிடும் அசோ சாயங்களுக்கு 1994-இல் தடை வந்தது. பதனிடும் மூன்று இணைதிறன் குரோமியம் தீங்கு குறைந்தது. ஆனால் தரமற்ற கொழுப்பெண்ணெயும் சூடும் சேர்ந்தால் அது ஒவ்வாமையையும் புற்றுநோயையும் தரக்கூடிய ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாறும். கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று ஜெர்மனி 2010-இல் வரம்பு விதித்தது. 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதே வரம்பு. தரம் என்ற சொல்லுக்குள் பார்வைக்குத் தெரியாத இந்த வேதியியலும் அடங்க வேண்டும். தையலை எண்ணிப் பார்க்கும் ரசிகர்கள் இதையும் கேட்கத் தொடங்கியிருப்பது நல்ல மாற்றம்.

பூட்ஸை வாங்கிய பின் செய்ய வேண்டியது பராமரிப்பு. பழைய கருப்பு மசியில் எலும்புக்கரியும் கந்தக அமிலமும் இருந்தன. அமிலம் தோலை மெல்ல அரித்தது. மைன்ஸ் நகரின் வெர்னர் உண்ட் மெர்ட்ஸ் 1901-இல் எர்டால் என்ற பெயரில் மெழுகும் டர்பென்டைனும் கலந்த பாலிஷை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டர்பென்டைன் ஆவியாக, மெழுகு மெல்லிய படலமாகத் தங்கும். பாலிஷ்களில் சேரும் தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், வளைந்து கொடுக்கும். கார்னோபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், கண்ணாடிபோல் மினுங்கும். முனைப்பகுதியில் கடினமெழுகைக் கூட்டிப் பளபளப்பு ஏற்றலாம், மடியும் இடத்தில் ஏற்றினால் படலம் வெடித்துவிடும். தோலின் கொழுப்பு வற்றும்போது இழைகள் மறுபடி ஒட்டத் தொடங்குவதால் ஆண்டுக்குச் சிலமுறை கொழுப்புக் களிம்பு தடவ வேண்டும். ஒருநாள் அணிந்த பூட்ஸுக்கு மறுநாள் ஓய்வு தந்து, உள்ளே மரக்கட்டை வைத்து வியர்வை ஈரம் வெளியேற விட வேண்டும். நனைந்த பூட்ஸை அடுப்பருகே காயவைப்பதுதான் மிகப்பெரிய தவறு. ஈரமான கொலாஜன் சூட்டில் சுருங்கும். பட்டையில் பதனிட்ட இன்சோல் முதலில் கெடும்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் சோலைப் பலமுறை மாற்றலாம். மைன்டல், ஹான்வாக் போன்ற நிறுவனங்கள் தங்கள் பூட்ஸைத் திரும்ப வாங்கிச் சோல் மாற்றித் தருகின்றன. வெல்ட் கிழிந்தால் புதியது தைக்கலாம், தக்கையை மறுபடி நிரப்பலாம், குதியை மாற்றலாம். விரல் மடிப்பில் அப்பரின் மேலடுக்கு வெடித்து இழைகள் வெளியே தெரிந்துவிட்டால் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.